மறந்துவிடு என்று சொல்லலாமா? 108-ல் வேலை பார்க்கும் தம்பிக்காக ஒரு கேள்வி

கேள்வி: 9 ஜூன் 2024

என் தம்பி ஏழு வருடமாக 108 ஆம்புலன்ஸில் மருத்துவ உதவியாளர். ஜனவரியில் பைபாஸில் ஒரு விபத்து. வேனில் வந்த குடும்பம். ஒரு குழந்தையை மருத்துவமனை போய்ச் சேரும்வரை நெஞ்சை அழுத்திக்கொண்டே கொண்டுபோனானாம். பிழைக்கவில்லை. ஐந்து மாதமாக அவன் பழைய ஆளாக இல்லை. இரவு இரண்டு மணிக்கு எழுந்து வாசலில் உட்கார்ந்திருக்கிறான். என் பிள்ளையைத் தூக்குவதே இல்லை. குக்கர் விசில் அடித்தால் கத்துகிறான். வேறு வண்டிக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டான். பைக்கில் போனாலும் அந்த பைபாஸை விட்டுப் பதினைந்து கிலோமீட்டர் சுற்றிப் போகிறான். அம்மா மந்திரித்துக் கயிறு கட்டினாள். மாமா "ஆம்பளப் புள்ள, மறந்துட்டுப் போடா" என்கிறார். நானும் அதைத்தான் சொல்கிறேன். வேலையை விடச் சொல்லலாமா? இந்த மாதிரி வேலையில் இருந்தவர்கள் யாராவது பதில் சொல்லுங்கள்.

9 ஜூன் 2024, இரவு

தங்கச்சி, நான் தீயணைப்புத் துறையில் 28 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். டெல்டா பக்கம். மறந்துவிடு என்று மட்டும் சொல்லாதே. என்னிடம் அப்படிச் சொன்னவர்கள் எல்லோரும் என்மேல் உயிரையே வைத்திருந்தவர்கள். ஆனாலும் அந்த வார்த்தையைக் கேட்ட பிறகு அவர்களிடம் நான் வாயைத் திறக்கவில்லை. முடிந்தால் அவன் மறந்திருக்க மாட்டானா?

வேலையை விடுகிற முடிவெல்லாம் இப்போது வேண்டாம். இன்றைக்கே அவனை உட்கார வைத்து, அன்று நடந்ததை முதலிலிருந்து கடைசிவரை சொல்ல வை. உள்ளே இருப்பதைக் கொட்டிவிட்டால் பாரம் இறங்கிவிடும். மற்றதை நாளை எழுதுகிறேன்.

10 ஜூன் 2024

தூக்கம் வரவில்லை, அதனால் விடியற்காலையிலேயே எழுதுகிறேன்.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. எங்கள் நிலையத்திலிருந்து வண்டி நாகப்பட்டினத்துக்குக் கிளம்பியது. அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் பக்கம் பதினோரு நாள் இருந்தேன். படகுகள் வீட்டுச் சுவர்மேல் ஏறிக் கிடந்தன. அந்த மாவட்டத்தில் மட்டும் 6 ஆயிரம் பேருக்கு மேல் போய்விட்டார்கள். மூன்றாம் நாளுக்கு அப்புறம் முகத்தைப் பார்த்து இன்னார் என்று சொல்ல முடியாது. பெரிய குழியாக வெட்டி அடக்கம் செய்தோம். மேலே பிளீச்சிங் பவுடர். ஊர் முழுக்க அந்த வாடைதான்.

நான்காம் நாள் ஒரு தகப்பன் வந்தார். சிவப்புப் பாவாடை, வெள்ளிக் கொலுசு, ஆறு வயது, பார்த்தீர்களா என்று கேட்டார். ஒரு மணி நேரத்துக்கு முன்னால்தான் அப்படி ஒரு பிள்ளையை என் கையால் இறக்கியிருந்தேன். குழியை மூடியாகிவிட்டது. "பார்க்கலைங்க" என்றேன். அவர் கும்பிட்டுவிட்டு அடுத்த ஆளிடம் போனார்.

இதை ஒன்பது வருடம் யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடம்கூட.

வேலையில் குறை வைக்கவில்லை. எங்கள் வேலையில் தீ என்பது பாதிதான். கிணற்றில் விழுந்தவர், குளத்தில் மூழ்கியவர், லாரிக்கு அடியில் சிக்கியவர் என்று மீட்பு அழைப்புகள்தான் நிறைய. பாதாளக் கொலுசு என்கிற கொக்கிச் சங்கிலியைப் போட்டு உடல் எடுக்கும்போதெல்லாம் கை நடுங்காது. வீட்டுக்கு வந்தால்தான் எல்லாம். என் மகளுக்கு அப்போது ஏழு வயது. ஒரு நாள் அவள் கொலுசுச் சத்தம் கேட்டு, அதைக் கழற்று என்று கத்தினேன். பிள்ளை பயந்துபோய் அன்றே கழற்றியவள், அப்புறம் கொலுசே போட்டதில்லை. டெங்கு காலத்தில் தெருவில் பிளீச்சிங் பவுடர் போட்டால் வேர்த்துக் கொட்டும், நெஞ்சு அடைக்கும், எங்கே நிற்கிறேன் என்றே தெரியாது. மீன் சாப்பிடுவதை விட்டேன். அப்புறம் மீன்கடைத் தெரு வழியாகப் போவதை விட்டேன். அப்புறம் வேளாங்கண்ணிக்குப் போவதை விட்டேன். ஒவ்வொன்றாக விட விட, கடைசியில் நிலையமும் வீடும் மட்டும்தான் மிச்சம்.

உன் தம்பி பதினைந்து கிலோமீட்டர் சுற்றிப் போகிறான் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியைப் படித்ததும்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். அதுதான் பி.டி.எஸ்.டி. என்கிற இந்த மனக்காய நோயின் வேலை. சுற்றிப் போனால் அன்றைக்கு நிம்மதி. அந்த நிம்மதிக்காக நாளை இருபது கிலோமீட்டர் சுற்றச் சொல்லும்.

12 ஜூன் 2024 (முதல் நாள் எழுதியதைத் திருத்துகிறேன்)

என் மகள் எம்.எஸ்.டபிள்யூ., அதாவது சமூகப்பணி, படித்தவள். இந்த இழையைப் படித்துவிட்டு, "அப்பா, முதல் நாள் நீங்கள் சொன்னது தப்பு" என்றாள். அவள் சொல்வது சரி. இன்றைக்கே உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்ல வை என்று நான் எழுதியிருக்கக் கூடாது.

அந்த யோசனை எங்கள் மாதிரி ஆட்களிடமிருந்து வந்ததுதான். அமெரிக்காவில் தீயணைப்பு வேலை பார்த்து, பிறகு உளவியல் படித்த ஜெஃப்ரி மிட்செல் என்பவர் 1983-ல் ஒரு முறையை எழுதினார். கோரமான சம்பவம் நடந்தால் ஓரிரு நாளில் குழுவை உட்கார வைத்து, ஒவ்வொருவரும் பார்த்ததையும் உணர்ந்ததையும் சொல்ல வேண்டும். டிப்ரீஃபிங் என்று பெயர். பல நாடுகளில் போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் எல்லாம் அதைப் பிடித்துக்கொண்டன. பிற்பாடு அதைச் சோதித்தார்கள். தீக்காயம் பட்டவர்களிடம் நடந்த ஒரு பிரிட்டிஷ் ஆய்வு 1997-ல் வந்தது. 13 மாதம் கழித்துப் பார்த்தால், அப்படி ஒரே அமர்வில் பேச வைக்கப்பட்டவர்களில் 26 சதவீதம் பேருக்கு இந்த நோய். பேச வைக்கப்படாதவர்களில் 9 சதவீதம். இப்படிப்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, ஒரே அமர்வில் கட்டாயப்படுத்திப் பேச வைப்பது வேண்டாம் என்றே 2002-ல் முடிவு சொன்னார்கள்.

அதனால் கேள்வி கேட்டுக் குடையாதே. இரவு இரண்டு மணிக்கு அவன் வாசலில் உட்கார்ந்தால் நீயும் ஒரு சொம்புத் தண்ணீரோடு போய் உட்கார். பேசினால் கேள். பேசாவிட்டால் அதுவும் சரி.

அம்மா கட்டிய கயிறு இருக்கட்டும், அதைக் கேலி செய்யாதே. சங்கப் பாடல் ஒன்றில் காயம்பட்ட வீரனின் வீட்டில் வேப்பிலை செருகுவார்கள், வெண்கடுகு தூவுவார்கள், யாழ் வாசித்து, மணி அடித்து, காஞ்சிப் பண் பாடி அவனுக்குக் காவல் இருப்பார்கள். பள்ளிக்கூடத்தில் படித்தபோது எனக்கு அது ஒரு சடங்காகத் தெரிந்தது. இப்போது நினைத்தால், அடிபட்டவனை ராத்திரியில் தனியாக விடக் கூடாது என்று ஒரு வீடே விழித்திருந்திருக்கிறது.

12 ஜூன் 2024, மாலை

ஒருவர் கேட்கிறார்: "பேச வைப்பது கெடுதல் என்கிறீர்கள், டாக்டரும் பேசத்தானே வைப்பார்?" நல்ல கேள்வி. சம்பவம் நடந்த கையோடு, ஒரே தடவை, பலர் முன்னால் கொட்டச் சொல்வது வேறு. மாதங்கள் கழித்து நோய் என்று உறுதியான பிறகு, பயிற்சி பெற்ற ஒருவரோடு பத்துப் பன்னிரண்டு வாரம் அதற்குள் திரும்பத் திரும்பப் போய் வருவது வேறு. முதலாவதில் கதவைத் திறந்து விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். இரண்டாவதில் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய், கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வருகிறார்கள்.

இன்னொன்று. முதல் சில வாரம் தூக்கமின்மை, கெட்ட கனவு, திடுக்கிடல் எல்லாம் யாருக்கும் வரும். பெரும்பாலானவர்களுக்குத் தானாகவே அடங்கிவிடும். ஒரு மாதத்தைத் தாண்டியும் நின்று, வேலையையும் வீட்டையும் கெடுத்தால்தான் அதற்கு பி.டி.எஸ்.டி. என்று பெயர். உன் தம்பிக்கு ஐந்து மாதம் ஆகிவிட்டது. காத்திருக்க வேண்டாம்.

13 ஜூன் 2024

எண் கேட்டவர்களுக்கு: டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவித் தொலைபேசி, 14416. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். 2022 அக்டோபர் 10-ல் தொடங்கியது. ராணுவத்தினருக்காக 2023 டிசம்பரில் புனே ஆயுதப்படை மருத்துவக் கல்லூரியில் தனிப் பிரிவே வைத்திருக்கிறார்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. அவன் சாவதைப் பற்றிப் பேசினாலோ, பூச்சிமருந்து அது இது என்று எதையாவது எடுத்து வைத்தாலோ, இந்த இழையில் பதிலுக்குக் காத்திருக்காதே. அன்றைக்கே கூட்டிப் போ.

20 ஜூன் 2024

"வேலை இடத்தில் தெரிந்தால் பைத்தியம் என்று ஒதுக்கிவிடுவார்கள் என்று பயப்படுகிறான்" என்று எழுதியிருக்கிறாய். அந்தப் பயம் எனக்கும் இருந்தது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, நோயாளியின் விவரத்தை வெளியே சொல்லாமல் காப்பது டாக்டரின் கடமை. அதை அவனிடம் சொல்.

முதல் உலகப் போரில் குண்டுச் சத்தத்துக்கு நடுங்கியவர்களுக்கு ஷெல் ஷாக் என்றார்கள். சார்லஸ் மையர்ஸ் என்ற டாக்டர் 1915-லேயே அதைப் பற்றி எழுதியிருக்கிறார். அதே போரில் ஓடிப்போனான், கோழை என்றெல்லாம் சொல்லித் தங்கள் ஆட்களையே பிரிட்டிஷ் ராணுவம் சுட்டுக் கொன்றது. அப்படிச் செத்த 306 பேருக்கு 2006-ல்தான் மன்னிப்புக் கிடைத்தது. அவர்களில் எத்தனை பேர் உன் தம்பி மாதிரி தூங்காதவர்களோ. பி.டி.எஸ்.டி. என்ற பெயர் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் ஏறியதே 1980-ல்தான். வியட்நாமிலிருந்து திரும்பியவர்கள் தாங்களே கூடி உட்கார்ந்து பேசி, சண்டை போட்டு வாங்கிய பெயர் அது. "ஆம்பளப் புள்ள மறந்துட்டுப் போ" என்ற பேச்சு உலகம் பூராவும் இருந்திருக்கிறது. மாமாவை மட்டும் குறை சொல்ல வேண்டாம்.

7 ஜூலை 2024

மாத்திரை பற்றி. ஒரு டாக்டரிடம் 2006-ல் போனேன். தூக்கம் இல்லை என்று மட்டும் சொன்னேன், குழியைப் பற்றிச் சொல்லவில்லை. பதற்றத்தை அடக்கித் தூங்க வைக்கும் அல்பிரசோலம் மாத்திரையை எழுதிக் கொடுத்தார். இரண்டு வருடம் விழுங்கினேன். தூங்கினேன், ஆனால் எதுவும் தீரவில்லை. நிறுத்த முயன்றபோது பட்ட பாடு தனி. இந்த நோய்க்கு அந்த வகை மாத்திரை தொடர்ந்து கொடுக்கக் கூடாது என்பதுதான் இப்போதைய வழிகாட்டுதல். ஏற்கெனவே சாப்பிடுபவர்கள் சட்டென்று நிறுத்தாதீர்கள், டாக்டர் சொல்படி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

அப்போதிலிருந்து மாத்திரை என்றாலே வேண்டாம் என்று எல்லோரிடமும் சொல்லி வந்தேன். அதுவும் தப்பு. செர்ட்ராலின், பராக்செட்டின் மாதிரி மருந்துகள் வேறு வகை. போட்ட உடனே மயக்காது. நான்கு முதல் ஆறு வாரத்தில்தான் வேலை செய்கிறது தெரியும். எனக்கு 2013-ல் செர்ட்ராலின் கொடுத்தார்கள். அதனால் சிகிச்சைக்குப் போய் உட்காரும் அளவுக்காவது உடம்பு அடங்கியது.

குடியைப் பற்றி ஒரு வரி போதும். தூங்குவதற்காகக் குடிப்பவன் நடு ராத்திரியில் அதே கனவோடு எழுந்திருப்பான். நான் எழுந்திருக்கிறேன்.

2 ஆகஸ்ட் 2024

இழையின் விஷயம் இல்லைதான், ஆனால் மூன்று நாளாக டி.வி. முன்னாலேயே இருக்கிறேன். கேரளாவில் வயநாடு நிலச்சரிவு. முண்டக்கை, சூரல்மலை. மெட்ராஸ் இன்ஜினியர் குரூப் ஆட்கள் ராப்பகலாக நின்று 190 அடிக்குப் பெய்லி என்கிற இரும்புப் பாலம் கட்டிவிட்டார்கள். ராணுவத்தில் அவர்களைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்கள். பாலத்தை எல்லோரும் பாராட்டுகிறார்கள், பாராட்ட வேண்டியதுதான். என் கண் மட்டும் சேற்றில் கம்பால் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டிருக்கும் பையன்கள் மேலேயே நிற்கிறது. ஆற்றில் வந்தது முழு உடல்கூட இல்லை. ஒரு மாதம் கழித்து அவர்கள் வீட்டில் குக்கர் விசில் அடிக்கும்.

நியூயார்க்கில் 2001 செப்டம்பர் 11-ல் ஒரே நாளில் 343 தீயணைப்பு வீரர்கள் செத்தார்கள். மிச்சமிருந்தவர்களுக்கு ஆலோசனை சொல்ல அங்கே டாக்டர்களோடு ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். இடிபாட்டில் வேலை செய்தவர்களுக்கான மருத்துவத் திட்டத்தை 2090 வரைக்கும் சட்டமாக்கி வைத்திருக்கிறார்கள். 2001-ல் இருபது வயதில் வந்தவனுக்கும் கடைசி மூச்சுவரை உண்டு என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். அதைப் படித்தபோது கொஞ்சம் அழுதேன்.

18 ஆகஸ்ட் 2024

தம்பி மூன்று முறை போய் வந்திருக்கிறான் என்று படித்ததும் அவ்வளவு சந்தோஷம். "ஒவ்வொரு தடவையும் போய்விட்டு வந்து மோசமாகிறான், நிறுத்திவிடலாமா" என்று கேட்கிறாய். நிறுத்த வேண்டாம். எனக்கும் நான்காவது, ஐந்தாவது வாரம்தான் மிக மோசம்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். சின்னப் பெண், என் மகளைவிடக் கொஞ்சம் பெரியவள், உளவியல் நிபுணர். கண்ணை மூடிக்கொண்டு அந்த நான்காம் நாளை இப்போது நடப்பது மாதிரி சொல்லச் சொன்னார். "போனேன்" என்று சொன்னால் "போகிறேன்" என்று திருத்துவார். ஒன்றரை மணி நேரம். அதைப் பதிவு செய்து, தினமும் வீட்டில் கேட்டுவிட்டு வா என்றார். முதல் வாரம் முற்றத்தில் உட்கார்ந்து கேட்டு வாந்தி எடுத்தேன். ஆறாவது வாரம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, அடுப்பில் பால் வைத்தது நினைவு வந்து எழுந்து போனேன். பாலை இறக்கி வைத்த பிறகுதான் உறைத்தது, என்ன நடந்தது என்று.

இன்னொரு பக்கம் ஒரு பட்டியல். நான் ஒதுக்கிய எல்லாவற்றையும் எழுதி, எது லேசு எது கஷ்டம் என்று நூற்றுக்கு மதிப்பெண் போட்டோம். பிளீச்சிங் பவுடர் பாக்கெட்டைக் கடையில் பார்ப்பது 30. கொல்லையில் அதைப் பிரித்து வைத்துவிட்டு, படபடப்பு அடங்கும்வரை பக்கத்திலேயே நிற்பது 55. மீன்கடைத் தெரு 60. நாகைக் கடற்கரை 90. மீன் சாப்பிடுவது 100. கீழிருந்து ஒவ்வொன்றாக. பயம் தானாக இறங்கும்வரை இடத்தை விட்டு நகரக் கூடாது, அதுதான் விஷயமே. பாதியில் ஓடினால் பயம்தான் ஜெயித்தது. நாகை வரைக்கும் வந்துவிட்டேன். மீன் மட்டும் இன்றுவரை முடியவில்லை.

எல்லோருக்கும் இதே முறை என்று இல்லை. கண்ணை இடம் வலமாக அசைக்க வைக்கும் இ.எம்.டி.ஆர். என்ற முறையும் இருக்கிறது, அதற்கும் நல்ல ஆதாரம் உண்டு. எது என்பதை அவனும் அவனுடைய டாக்டரும் பேசிக்கொள்ளட்டும். நீயாக அவனை பைபாஸுக்கு இழுத்துக்கொண்டு போகாதே.

8 செப்டம்பர் 2024

"நான் இன்னும் வேகமாக அழுத்தியிருந்தால் பிழைத்திருக்கும்" என்று தம்பி சொல்கிறானாம். பயத்தைவிட இதுதான் பெரிசு. ஒருவேளை அவன் தூங்காததற்குக் காரணம் பயமே இல்லை.

என் மனைவியின் அண்ணன் ராணுவத்தில் இருந்தவர். 1987-ல் இந்திய அமைதிப்படையோடு இலங்கையில் யாழ்ப்பாணம் போனார். வீடு வீடாகச் சோதனைக்குப் போகும்போது, தமிழ் தெரிந்த ஆள் என்று இவரைத்தான் முன்னால் விடுவார்கள். உள்ளே இருக்கும் கிழவிகள் அழுது கெஞ்சுவது கூட வந்தவர்களுக்கு வெறும் சத்தம். மச்சானுக்கு ஒவ்வொரு சொல்லும் புரியும். "தம்பி, நீயும் தமிழ்ப் பிள்ளைதானே" என்று ஒரு அம்மா கேட்டதை எனக்கு 2016-ல்தான் சொன்னார். 29 வருடம். 1990 மார்ச்சில் கடைசிக் கப்பல் சென்னைக்கு வந்தபோது முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அதற்கு அவர் பக்கத்து நியாயம் இருந்தது, ஊரும் அவர் பக்கம்தான். மச்சானே அதைக் குறையாகச் சொன்னதில்லை. ஊருக்கு வந்து எங்கே இருந்தாய் என்று கேட்டால் "வடக்கே" என்று மட்டும் சொல்லிப் பழகிவிட்டார். அவர் பட்டதைவிட அந்த வீடுகளுக்குள் இருந்தவர்கள் பட்டது பல மடங்கு. யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் அந்தச் சனங்களின் மனக்காயத்தைப் பற்றிப் பல வருடம் எழுதியிருக்கிறார். மச்சானுக்கும் அது தெரியும், அதனால்தான் தன் வலியை வலி என்று சொல்லவே அவருக்குக் கூச்சம்.

இந்த மாதிரிக் குற்ற உணர்ச்சிக்கு "உன் தப்பு இல்லை" என்று நாம் சொல்லி எந்தப் பயனும் இல்லை. எனக்கும் சொன்னார்கள், காதில் ஏறவில்லை. அந்த உளவியல் நிபுணர் வேறு மாதிரி கேட்டார். "நான்கு நாள் தூங்காத உங்கள் ஜூனியர் பையன் அந்த இடத்தில் நின்று அப்படிச் சொல்லியிருந்தால் அவனை என்ன செய்வீர்கள்?" ஒன்றும் சொல்ல மாட்டேன், டீ வாங்கிக் கொடுப்பேன் என்றேன். "உண்மையைச் சொல்லியிருந்தால் குழியைத் திறந்திருப்பீர்களா?" மாட்டோம். இப்படியே போய்க் கடைசியில் ஒன்று மிஞ்சியது. நான் சொல்லியிருந்தால் அந்த மனிதர் தேடுவதையாவது நிறுத்தியிருப்பார். அதை அந்த நிபுணரும் இல்லை என்று சொல்லவில்லை. மிஞ்சியதை என்ன செய்யலாம் என்று மட்டும் கேட்டார். அதற்கப்புறம் ஓய்வு பெறும்வரை, உடல் எடுக்கிற இடத்தில் வந்து விசாரிக்கிற சொந்தக்காரர்களிடம் பேசுகிற வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். தெரிந்ததை உட்கார வைத்துச் சொல்வேன். தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல்வேன்.

உன் தம்பியிடம் அன்றைய ஆம்புலன்ஸ் பதிவைப் பார்க்கச் சொல். வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை நிமிடத்தில் சேர்ந்தது, குழந்தைக்கு எங்கே அடி. ஏழு வருடம் பார்த்தவனுக்குப் பதில் தெரியும். நீ சொன்னால் ஏறாது. அவன் டாக்டர் பக்கத்தில் இருக்கும்போது அவனே வாய்விட்டுக் கணக்குப் போட வேண்டும்.

9 செப்டம்பர் 2024

நேற்று எழுதியதை மச்சானிடம் படித்துக் காட்டினேன், அவர் சம்மதித்துதான் போட்டேன். ஒரு திருத்தம் சொன்னார். அந்த அம்மா "தமிழ்ப் பிள்ளைதானே" என்று கேட்கவில்லையாம். "உன்ர அம்மாவுக்கு நீ எங்க நிக்கிறாய் எண்டு தெரியுமோ?" என்றுதான் கேட்டாராம். இத்தனை வருடம் கழித்தும் அந்த ஊர்ப் பேச்சு மாறாமல் சொல்கிறார்.

22 செப்டம்பர் 2024

நாய் வளர்த்தால் நல்லதா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினருக்குப் பயிற்சி கொடுத்த நாய்களே தருகிறார்கள். மச்சானிடம் இருப்பது மணி என்ற நாட்டு நாய், எந்தப் பயிற்சியும் கிடையாது. மச்சான் கனவில் முனகினால் கட்டிலில் ஏறி முகத்தை நக்கும். அவரும் எழுந்து "ஏய் சனியனே" என்று திட்டிக்கொண்டே அதற்கு ரொட்டி போடுவார். ரொட்டிக்காகத்தான் எழுப்புகிறது என்பது என் மனைவியின் கட்சி. எதற்காக எழுப்பினால் என்ன, எழுப்புகிறது. ஆனால் நாய் இருப்பதால் டாக்டர் வேண்டாம் என்று ஆகாது.

29 அக்டோபர் 2024

நாளை மறுநாள் தீபாவளி. முன்னாள் ராணுவத்தினர், போலீஸ், எங்கள் துறை ஆட்கள் இருக்கும் வீடுகளுக்கு ஒரு வேண்டுகோள். வெடி போடும் முன் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். சத்தத்தைவிட, எதிர்பாராத சத்தம்தான் கொல்லும். மச்சான் வீட்டில் பேரன்கள் "தாத்தா, லட்சுமி வெடி, மூணு, ரெண்டு, ஒண்ணு" என்று எண்ணிவிட்டுத்தான் கொளுத்துவார்கள். போன வருடம் அவரே திரியில் ஊதுபத்தி வைத்தார்.

தம்பிக்கு அன்றைக்கு டியூட்டி என்று எழுதியிருக்கிறாய். தீபாவளி ராத்திரி எங்களுக்கும் 108-க்கும் தூக்கமில்லாத ராத்திரி. திடீரென்று அந்த பைபாஸ் வாடை, குழந்தை முகம் வந்தால் வண்டியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்து, கண்ணுக்குத் தெரியும் ஐந்து பொருளின் பெயரை வாய்க்குள் சொல்லச் சொல். பிறகு காதில் விழுவது, கையில் படுவது. சிகிச்சை இல்லை இது. அந்த நிமிடத்தைத் தாண்ட மட்டும்.

2 நவம்பர் 2024

அவன் தன் வண்டியை ஓட்டும் பைலட்டிடம் தானாகவே சொல்லியிருக்கிறானா! "எனக்கு இப்படி ஆகிறது, நான் கைப்பிடியைப் பிடித்தால் ஒரு நிமிடம் விட்டுவிடு" என்று. அவர் "எனக்கும் ஆகும்டா" என்றாராமே. தங்கச்சி, நாம் இரண்டு பேரும் இங்கே எழுதிக் குவித்ததைவிட அந்த ஒரு வரி பெரிசு.

27 டிசம்பர் 2024

நேற்றோடு 20 வருடம். மச்சானும் நானும் முதல் பஸ்ஸில் நாகை போனோம். அக்கரைப்பேட்டையில் பெண்கள் பால்குடம் எடுத்துக்கொண்டு கடலுக்குப் போனார்கள், மெழுகுவத்தி ஏற்றினார்கள். கூட்டம் வரும் என்று வழி நெடுக இரண்டு பக்கமும் பிளீச்சிங் பவுடர் கோடு போட்டிருந்தார்கள். வேர்த்தது. நின்றேன். மச்சான் எதுவும் கேட்காமல் கூடவே நின்றார். பத்து நிமிடம் இருக்கும். நினைவு வந்தது, அந்தத் தகப்பன் முகமும் வந்தது. ஆனால் நான் 2024-ல் மச்சான் பக்கத்தில் நிற்கிறேன் என்பது தெரிந்துகொண்டே இருந்தது. முன்பெல்லாம் அது தெரியாது.

உன் தம்பி பைபாஸ் வழியாகவே உன்னையும் பிள்ளையையும் பைக்கில் கூட்டிப் போனான் என்ற செய்தியைத் திரும்பி வரும்போது பஸ்ஸில் படித்தேன். நடுவில் ஒரு டீக்கடையில் நிறுத்தி அழுதான் என்றும் எழுதியிருக்கிறாய். சரி. மறுபடி போகட்டும்.

பஸ் ஏறும் முன் மச்சான் அரைக் கிலோ நெத்திலி வாங்கினார். பையை நான்தான் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ராத்திரி என் மனைவி குழம்பு வைத்தாள். மீனைத் தொடவில்லை. குழம்பு மட்டும் இரண்டு கரண்டி ஊற்றிக்கொண்டேன்.